பல்லாவரத்தில் பறந்த ஹோட்டல் முதலாளி! 1910-லேயே சொந்தமா விமானம் செஞ்ச டி ஏஞ்சலிஸ் யார்?

செங்கல்பட்டு தாண்டி வறண்டு கிடக்குற ஏரிப் பக்கமா ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில போனா, சில நேரம் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நாலைஞ்சு பேர் ரிமோட்டோட அண்ணாந்து பார்த்துட்டு நிப்பாங்க. மேல ஃபோம்ல செஞ்ச ஒரு குட்டி விமானம் வட்டமடிச்சுட்டு இருக்கும். காத்து கொஞ்சம் மாறினா மூக்கு கீழ போகும், கூட்டத்துல ஒருத்தர் பதறுவார். பல நாள் ராத்திரி கண் விழிச்சு ஒட்டினதாச்சே!

இந்த ஆர்.சி. விமானப் பொழுதுபோக்கைப் பத்தி எழுதலாம்னு தேட ஆரம்பிச்சப்பதான் ஒரு பழைய பேர் கண்ணுல பட்டது. ரிமோட் இல்ல, பேட்டரி இல்ல, யூடியூப் வீடியோவும் இல்ல. சொந்தமா ஒரு விமானம் வடிவமைச்சு, பட்டறையில கொடுத்து செய்யச் சொல்லி, தானே அதுல ஏறி உட்கார்ந்த ஒரு மனுஷன். அதுவும் நம்ம பல்லாவரத்துல. வருஷம் 1910.

அவர் பேர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். பொறியாளரும் இல்ல, ராணுவ அதிகாரியும் இல்ல. மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்தினவர்!

கேக் கடையில் தொடங்கிய கதை

டி ஏஞ்சலிஸின் பூர்வீகம் கோர்சிகா. பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான மத்தியதரைக் கடல் தீவு அது. நெப்போலியன் பிறந்த ஊர்னு சொன்னா சட்டுனு புரியும். பிரான்ஸ் கையில இருந்தாலும் அங்க பேசுற மொழி இத்தாலியனுக்கு நெருக்கமானது. அதனாலதான் இவர் பேர் இத்தாலியப் பேரா இருக்கு, கடை பேர் மட்டும் பிரெஞ்சுல இருந்தது. ஜியாகோமோன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர் யாக்கோபுதான்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெட்ராஸ் வந்து சேர்ந்தவர், மவுண்ட் ரோட்டில் 'மேசோன் ஃபிரான்சேஸ்' என்ற பெயரில் கடை போட்டார். பிரெஞ்சு இல்லம்னு அர்த்தம். கேக், மிட்டாய், ஐஸ், விருந்துக்குச் சமையல் எல்லாம் இருந்தது. மெட்ராஸ் வெயிலுக்கு ஐஸ் விக்கிறவர் தோத்துப் போக வாய்ப்பே இல்ல. ஆளுநராக இருந்த ஆம்ப்ட்ஹில் பிரபு காலத்தில் அரசு விருந்துகளுக்கு உணவு வழங்கும் அளவுக்கு வளர்ந்தார்.

அடுத்த கட்டமா வந்ததுதான் 'ஹோட்டல் டி ஏஞ்சலிஸ்'. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் தங்க விரும்பிய பெரிய ஹோட்டல்களில் ஒண்ணு. மின்விசிறி, ஐஸ் தயாரிக்கும் இயந்திரம்னு அந்தக் காலத்துப் புது விஷயங்களைத் தேடித் தேடிக் கொண்டு வந்து வைச்ச இடம் அது.

இந்த இடத்துல ஒரு விஷயம் கவனிக்கணும். புது இயந்திரம்னா அவருக்கு ஒரு மோகம் இருந்திருக்கு. மின்சாரமே அபூர்வமா இருந்த ஊர்ல ஐஸ் மெஷின் ஓட்டினவருக்கு, பறக்குற மெஷின் மேல ஆசை வந்தது பெரிய ஆச்சரியம் இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

அந்தக் காய்ச்சல் எப்படிப் பரவியது?

1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் கிட்டி ஹாக் பக்கம் ரைட் சகோதரர்கள் முதன்முதலா இயந்திர விமானத்தில் பறந்தாங்க. முதல் முறை 12 விநாடி, 120 அடி தூரம், அவ்வளவுதான். ஒரு ஜம்போ ஜெட்டோட ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் உள்ள தூரத்தை விட இது குறைவு! இன்ஜின் சக்தி 12 குதிரைத்திறன். இன்னைக்கு தெருவுல ஓடுற 125 சிசி பைக்கோட சக்திதான்.

ரைட் சகோதரர்களுக்கே இந்த ஆசை வந்தது ஒரு பொம்மையாலதான்னு தெரியுமா? 1878-ல் அவங்க அப்பா ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கி விடுற ரப்பர். கையை விட்டா மேல எழும்பும். பிரான்ஸைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோவின் யோசனையில உருவான பொம்மை அது. அந்தப் பெனோ 1871-லேயே பாரிஸ் பூங்கா ஒன்றில் ரப்பரால் ஓடும் மாதிரி விமானத்தைப் பறக்க விட்டுக் காட்டியவர். சுமார் 11 விநாடியில் 40 மீட்டர் போச்சு. இன்னைக்கு மாதிரி விமானம் செய்யுற எல்லாருக்கும் அவர்தான் பெரிய தாத்தா. ஆனா ஆள் ஏறும் விமானத்துக்குப் பண உதவி கிடைக்காம மனம் உடைஞ்சு, 30 வயசுல தற்கொலை செஞ்சுகிட்டார். ரைட் பிள்ளைகள் அந்தப் பொம்மையை வச்சு விளையாடி இரண்டு வருஷம் கழிச்சு நடந்தது இது. தன்னோட பொம்மை எங்க போய்ச் சேர்ந்ததுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். ரைட் சகோதரர்கள் பறந்த செய்தியை உலகம் உடனே நம்பல. அவங்களும் ரகசியமாவே வச்சிருந்தாங்க. உலகம் முழுக்க ஒரு பரபரப்பு கிளம்பினது 1909 ஜூலை 25-ல்தான். லூயி பிளெரியோ என்ற பிரெஞ்சுக்காரர், 25 குதிரைத்திறன் இன்ஜின் வச்ச சின்ன விமானத்தில் பிரான்ஸில் இருந்து இங்கிலாந்துக்குக் கடலைத் தாண்டினார். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அடுத்த மாசமே பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரில் விமானப் போட்டி நடந்து, கூட்டம் அலைமோதியது.

தாய்மொழி மாதிரி பிரெஞ்சு தெரிஞ்ச, பிரெஞ்சு பேர்ல கடை வச்சிருந்த ஒருத்தருக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? பிளெரியோ கடலைத் தாண்டி எட்டு மாசத்துக்குள்ள டி ஏஞ்சலிஸ் கையில ஒரு விமானம் இருந்தது. வெளிநாட்டுல வாங்கி இறக்குமதி பண்ணல. அவரே வடிவமைச்சார்.

குதிரை வண்டிப் பட்டறையில் விமானமா?

இங்கதான் கதையில இன்னொரு பெரிய பேர் வருது. சிம்சன் நிறுவனம்.

இப்போ சிம்சன்னா அண்ணா சாலை பஸ் ஸ்டாப்பும், டீசல் இன்ஜினும் ஞாபகம் வரும். 1840-ல் தொடங்கினப்போ அது குதிரை வண்டி, கோச் வண்டி செய்யுற நிறுவனம். அங்க வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். இந்தியாவில் செய்த முதல் நீராவி கார் என்று அதைச் சொல்வார்கள். டி ஏஞ்சலிஸ் தன் வடிவமைப்பை எடுத்துக்கிட்டுப் போனது இந்தச் சிம்சன் பட்டறைக்குத்தான்.

கேக்குறப்போ வினோதமா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, 1910-ல் விமானம் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் மெட்ராஸ்ல கிடையாது. அன்னைக்கு விமானம்னா அலுமினியமோ கார்பன் ஃபைபரோ இல்ல. மரச்சட்டம், அதுமேல இழுத்துக் கட்டின துணி, குறுக்கும் நெடுக்குமா முறுக்கின கம்பி, சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம். மரத்தை எடை குறைவா, அதே நேரம் உடையாத மாதிரி வளைக்கத் தெரிஞ்சவங்க யாரு? கோச் வண்டி செய்யுற தச்சர்கள். துணியைச் சுருக்கம் விழாம இழுத்து ஆணி அடிக்கத் தெரிஞ்சவங்க? வண்டிக்கு மெத்தையும் கூரையும் தைக்கிறவங்க. வார்னிஷ் போடுறவர், கொல்லர், இன்ஜின் பழகினவர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ.

இன்னைக்கு ஆர்.சி. விமானம் செய்யுறவங்களும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யுறாங்க. பால்சா மரத்துல எலும்புக்கூடு, அது மேல சூடு பட்டா இறுகுற மெல்லிய ஃபிலிம். அல்லது ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடா உருகுற பசையில ஒட்டுறது. எல்லாம் முடிஞ்சதும் இறக்கைக்குக் கீழ ரெண்டு விரலை வச்சுத் தூக்கிப் பார்ப்பாங்க. இறக்கையோட முன் விளிம்பிலிருந்து கால்வாசி அல்லது மூன்றில் ஒரு பங்கு தூரத்துல எடை சமமா நிக்கணும். வால் பக்கம் கனம் அதிகமானா விமானம் சொன்ன பேச்சு கேட்காது. மூக்குல கொஞ்சம் ஈயம் ஒட்டிச் சரி பண்ணுவாங்க. மாதிரி விமானமா இருந்தா விழுந்தா ஃபோம்தான் உடையும். 1910-ல் விழுந்தா உடையுறது எலும்பு.

டி ஏஞ்சலிஸ் செய்தது இரட்டை இறக்கை விமானம். அதாவது மேல ஒரு இறக்கை, கீழ ஒரு இறக்கை, நடுவுல தூண்களும் கம்பிகளும். சின்ன இன்ஜின் இருந்தா இந்த வடிவம் வசதி. ரெண்டு இறக்கை சேர்ந்து அதிகப் பரப்பு கொடுக்கும், ஒண்ணுக்கொண்ணு கம்பியால கட்டியிருக்குறதால எடை குறைவாவே உறுதியும் கிடைக்கும்.

ஏன் பல்லாவரம்?

1910 மார்ச் மாசம். விமானம் சோதனைக்குப் போனது பல்லாவரத்துக்கு.

சிம்சன் பட்டறைக்குப் பக்கத்துலயே தீவுத்திடல் இருக்கு, நல்ல பெரிய வெட்டவெளி. அதை விட்டுட்டு 15 கிலோமீட்டருக்கு மேல தள்ளி எதுக்குப் போகணும்? இது என் ஊகம்தான், ஆனா மாதிரி விமானம் பறக்க விடுறவங்களைக் கேட்டா சிரிச்சுட்டே சொல்லிடுவாங்க. முதல் தடவை பறக்க விடும்போது பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது. விழுந்தா அடிபடக் கூடாதுங்குறது ஒண்ணு. மானம் போகக் கூடாதுங்குறது இன்னொண்ணு!

பல்லாவரம் அப்போ பட்டணம் இல்ல. பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ராணுவக் குடியிருப்பு, பரேடு மைதானம், சின்னக் குன்றுகள். ஊர் பேர்லயே பல்லவர் இருக்காங்க. மாமல்லபுரத்துக்கு முன்னாடியே மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் ஒண்ணு இங்க குன்றில் உண்டு. அதுக்கும் முன்னாடி போகணும்னா, 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்துலதான். இந்தியாவுல பழைய கற்காலம் இருந்ததுக்கு முதல்ல கிடைச்ச சான்று அது. கல்லைக் கூர்தீட்டின மனுஷன்ல இருந்து விமானம் வரைக்கும் ஒரே ஊர். ஆனா நமக்கு பல்லாவரம்னா வெள்ளிக்கிழமைச் சந்தையும், சிக்னல் டிராஃபிக்கும்தான்.

மார்ச் மாசத்துல ஒரு சிக்கலும் இருக்கு. வெயில். காத்து சூடாகுறப்போ விரிஞ்சு, அடர்த்தி குறைஞ்சிடும். 15 டிகிரி குளிர்ல இருக்குற காத்தை விட 35 டிகிரி காத்து கிட்டத்தட்ட 6 சதவீதம் லேசானது. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும். இன்ஜினுக்குள்ள போற காத்தும் குறையுறதால சக்தியும் குறையும். பெரிய இன்ஜின் இருந்தா இது பெருசா தெரியாது. அன்னைக்கு இருந்த சின்ன இன்ஜினுக்கு அந்த 6 சதவீதம்தான் எழும்புறதுக்கும் எழும்பாம ஓடிக்கிட்டே இருக்குறதுக்கும் நடுவுல நின்னுச்சு. ஐரோப்பாவுல பிளெரியோவுக்கு இல்லாத கஷ்டம் இது.

நம்ம கடலோரத்துல இன்னொரு கணக்கும் உண்டு. காலையில காத்து அடங்கி இருக்கும். மதியம் நெருங்குறப்போ தரை சூடாகி, கடல்காத்து உள்ள வரும். மாமல்லபுரம் கடற்கரையில நிக்கிறவங்களுக்கு அது சுகம், லேசான விமானத்துக்கு அது சோதனை. போதாக்குறைக்கு உப்பும் மணலும் மோட்டாருக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அதனாலதான் இந்தப் பக்கத்து ஆர்.சி. ஆர்வலர்கள் விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பி, கடலை விட்டு உள்ள தள்ளி இடம் தேடுறாங்க.

பல்லாவரம் சோதனையில விமானம் எழும்பியது. பத்திரிகையிலும் செய்தி வந்தது.

தீவுத்திடலில் டிக்கெட் போட்டு விமானம்!

சோதனை முடிஞ்சதும் டி ஏஞ்சலிஸ் செஞ்ச வேலையில ஹோட்டல்காரர் புத்தி தெரியுது. தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னாடி பறந்து காட்ட ஏற்பாடு செய்தார். கட்டணம் வச்சு!

இப்போ பொருட்காட்சி பார்க்க டிக்கெட் வாங்கிட்டு உள்ள போறோமே, அதே தீவுத்திடல். கூவம் ஆறு சுத்தி ஓடுறதால தீவு. அன்னைக்கு அங்க வந்தவங்கள்ல பலபேர் மோட்டார் காரையே எண்ணி நாலு தடவைதான் பார்த்திருப்பாங்க. அவங்க முன்னாடி மரமும் துணியுமா ஒரு வண்டி சத்தம் போட்டுட்டே ஓடி, தரையை விட்டு எழும்பியது. கூட்டத்துல இருந்த ஒருத்தரையும் ஏத்திக்கிட்டுப் பறந்தார்னும் சொல்லப்படுது. அது உண்மைன்னா, அந்தப் பயணியோட தைரியம் டி ஏஞ்சலிஸோட தைரியத்தை விடப் பெருசு. செஞ்சவருக்காவது எந்த ஆணி எங்க இருக்குன்னு தெரியும்!

இதுதான் இந்தியாவின் முதல் விமானப் பயணமா?

இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, உங்க வாட்ஸ்அப் குடும்ப குரூப்ல வருஷா வருஷம் வர்ற ஒரு ஃபார்வேர்டைப் பேசிடலாம். ரைட் சகோதரர்களுக்கு முன்னாடியே 1895-ல் மும்பை சௌபாத்தி கடற்கரையில் ஷிவ்கர் பாபுஜி தால்படே என்பவர் விமானம் பறக்க விட்டார்னு அது சொல்லும். அந்தக் காலத்திலேயே பதிவான நம்பகமான சான்று எதுவும் இதுக்குக் கிடையாது. இதோட சேர்த்துப் பேசப்படுற 'வைமானிக சாஸ்திரம்' நூலை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1974-ல் ஆராய்ந்து, அதில் சொல்லியிருக்குற எந்த விமானமும் பறக்காதுன்னு முடிவு சொல்லிட்டாங்க.

நம்ம பக்கமும் ஒண்ணு இருக்கு. புறநானூற்றின் 27-ஆம் பாடலில், ஓட்டுறவர் இல்லாமலே போற வானூர்தி ஒண்ணு வரும். புலவர் பாடும் புகழ் உடையவங்க அதுல ஏறி மேலுலகம் போவாங்கங்குற கற்பனை அது. தமிழ் படிச்சப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அதுக்காக சோழர்கள்கிட்ட டிரோன் இருந்ததுன்னு ஃபார்வேர்டு போட்டுடாதீங்க, ப்ளீஸ். விமானம்ங்குற சொல் நம்ம ஊர்ல கோயில் கருவறைக்கு மேல இருக்குற கோபுரத்தையும் குறிக்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல ரெண்டு விமானம் கண்ணு முன்னாடி நிக்குது, ஆயிரத்து முந்நூறு வருஷமா ஒரே இடத்துல!

இப்போ உண்மையான போட்டியாளருக்கு வருவோம். அலகாபாத்.

பொது அறிவு புத்தகங்கள்ல படிச்சிருப்பீங்க. 1911 பிப்ரவரி 18-ல் ஹென்றி பெக்கே என்ற 23 வயசு பிரெஞ்சு விமானி, அலகாபாத் கண்காட்சியிலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். சுமார் 10 கிலோமீட்டர், 13 நிமிஷம் போல. விமானத்தில் 6,500 கடிதங்கள். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. அந்தக் கண்காட்சிக்காக 1910 டிசம்பரிலேயே அங்க விமானங்கள் பறந்தன. பல இடங்கள்ல இந்திய விமான வரலாறே அங்கதான் தொடங்குறதா எழுதியிருப்பாங்க.

டி ஏஞ்சலிஸ் பறந்தது 1910 மார்ச். ஒன்பது மாசம் முந்தி. அதனாலதான் இந்தியாவில் முதல்ல பறந்தது மெட்ராஸ்லன்னு சென்னை வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. ஆசியாவிலேயே முதல்னுகூட சிலர் எழுதுறாங்க. அந்த அளவுக்கு நாம போக வேண்டியதில்ல, அதே காலத்துல மத்த நாடுகள்லயும் முயற்சிகள் நடந்துட்டு இருந்துச்சு. ஆனா இந்தியா அளவுல அலகாபாத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ங்குறது தேதியை வச்சே தெரியுது.

அப்புறம் ஏன் பெக்கே பேர் பாடப்புத்தகத்துல இருக்கு, டி ஏஞ்சலிஸ் பேர் இல்ல?

எனக்குத் தோணுற காரணம் ரொம்ப எளிமையானது. காகிதம். பெக்கே கொண்டு போன 6,500 கடிதத்துலயும் தனி முத்திரை குத்தியிருந்தாங்க. அதெல்லாம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்து, தபால்தலை சேகரிக்கிறவங்க கையில பத்திரமா இருக்கு, ஏலம் போகுது. தபால் துறை அதை நூற்றாண்டு விழா வரைக்கும் கொண்டாடுச்சு. அங்க பறந்த விமானங்களும் வெளிநாட்டுக் கம்பெனி செஞ்சவை, விமானிகளும் தொழில்முறை ஆளுங்க, பின்னாடி கண்காட்சி நிர்வாகமும் அரசும் இருந்துச்சு. டி ஏஞ்சலிஸ் பின்னாடி இருந்தது ஒரு ஹோட்டலும் ஒரு வண்டிப் பட்டறையும். பறந்ததுக்கு மிச்சம் பத்திரிகைச் செய்தி மட்டும்தான்.

இதுல ஒரு நியாயமும் இருக்கு, மறுக்கல. தபால் கொண்டு போனதால விமானத்தால ஒரு உபயோகம் உண்டுன்னு அலகாபாத் காட்டுச்சு. மெட்ராஸ்ல நடந்தது ஒருத்தரோட சொந்த ஆசை. ஆனா வெளிநாட்டு விமானத்தைப் பெட்டியில கொண்டு வந்து பறக்குறதும், இங்கேயே மரம் அறுத்து, துணி தைச்சுப் பறக்குறதும் ஒண்ணு இல்லையே. அந்தச் சிம்சன் தச்சர்கள் பேர் ஒண்ணுகூட நமக்குக் கிடைக்கலங்குறதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதே பல்லாவரத்தில் இன்னைக்குப் பறக்க முடியுமா?

டி ஏஞ்சலிஸ் பறந்தப்போ அவர் யார்கிட்டயும் பைலட் லைசென்ஸ் காட்ட வேண்டியிருக்கல. விமானத்துக்குன்னு இந்தியாவுல சட்டமே இல்ல. அடுத்த வருஷம், 1911-ல்தான் இந்திய வான்கலச் சட்டம் வந்தது. அப்புறம் 1934 சட்டம். இப்போ அதுக்கும் பதிலா 2024-ல் நிறைவேறிய பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கு.

ஆக, 1910-ல் ஆள் ஏறின விமானத்தையே எழுப்பின பல்லாவரத்துல, இன்னைக்கு அனுமதி இல்லாம ஒரு ஆர்.சி. பொம்மை விமானத்தைக்கூட நீங்க எழுப்ப முடியாது. மதில் தாண்டினா மீனம்பாக்கம் விமான நிலையம். தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். மாமல்லபுரம் பக்கம் போகலாம்னா கல்பாக்கம் அணுமின் நிலையம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிச்ச இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளயே பல்லாவரம், தாம்பரம், கல்பாக்கம் மூணும் வருது. மாதிரி விமானம் விடுறவங்களுக்கு இதைவிடச் சிக்கலான வரைபடம் தமிழ்நாட்டுல குறைவுதான்.

விதி என்ன சொல்லுதுன்னு சுருக்கமா பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின் கீழ்தான் ஆர்.சி. விமானமும் வருது. படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காக, 25 கிலோவுக்கு மேல போகாம, கண் பார்வைக்குள்ளயே பறக்க விடுறதை 'மாடல்' வகைன்னு பிரிச்சிருக்காங்க. இதுக்கு வடிவமைப்புச் சான்றிதழ் தேவையில்ல. அது இல்லேன்னா வீட்டுல செய்யுற யாராலயும் பறக்கவே முடியாது. 250 கிராம் வரை இருக்குற நானோ வகைக்கும், 2 கிலோ வரை இருக்குற மைக்ரோ வகையை வணிகமில்லாம பறக்க விடவும் பைலட் சான்றிதழ் தேவையில்ல. ஆனா எங்க பறக்குறோம்ங்குறது முக்கியம். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். அதுக்கும் உள்ள வந்தா அனுமதி இல்லாம தரையை விட்டே எழுப்பக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல அந்த இடம் எந்த நிறத்துல இருக்குன்னு பார்த்துடுங்க. பதிவு செய்ய வேண்டியது இருந்தா அதையும் முடிச்சுடுங்க.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் இந்தப் பகுதிக்கும் பறக்குறதுக்கும் இருக்குற தொடர்பு விட்டுப் போகல. பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. 1949-ல் தொழிலதிபர் சி.ராஜம் அங்க தொடங்கின எம்.ஐ.டி. கல்லூரியில ஆரம்பத்துலயே விமானப் பொறியியல் பாடம் இருந்தது. 1950-களில் ராமேஸ்வரத்திலிருந்து வந்து அங்க படிச்ச மாணவர்தான் அப்துல் கலாம். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானத்தை வடிவமைக்கிற வேலையை மூணு நாளுக்குள்ள முடிக்கலேன்னா உதவித்தொகை போயிடும்னு பேராசிரியர் கெடு வச்ச கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதே கல்லூரியின் 'தக்ஷா' டிரோன் குழுவுக்கு 2018-ல் ஆலோசகரா வந்தவர் நடிகர் அஜித்குமார். அவருக்கு ரொம்ப காலமாவே ஆர்.சி. விமானம்தான் பொழுதுபோக்கு. அந்த வருஷம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் தக்ஷா குழு இரண்டாம் இடம் பிடிச்சுது.

அந்த ஹோட்டல் என்ன ஆச்சு?

ஹோட்டல் டி ஏஞ்சலிஸ் பிறகு கை மாறி, 'பொசோட்டோ' என்ற பெயருக்கு வந்தது. 'பாடிலைன்' புகழ் டக்ளஸ் ஜார்டின் தலைமையில வந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணி தங்கின ஹோட்டல்னு கிரிக்கெட் பிரியர்கள் அதைச் சொல்வாங்க. இதுக்கிடையில 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் விமானம் ஓட்ட, அந்தத் தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்குக் கொண்டு வந்தார் நெவில் வின்சென்ட். மவுண்ட் ரோடு வாசிகளுக்கு விமானச் சத்தம் மெல்ல மெல்லப் பழகிப் போச்சு.

பொசோட்டோவுக்கு அப்புறம் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு பேர் வச்சாங்க. யாராவது பழைய கதை தெரிஞ்சு வச்சாங்களா, தற்செயலா அமைஞ்சுதான்னு சொல்ல முடியாது. 'ஏர்லைன்ஸ் ஹோட்டல்'! பின்னாளில் கீழ்த்தளத்துல பாட்டா செருப்புக் கடை வந்து, முகப்பெல்லாம் விளம்பரப் பலகை மறைச்சு, அண்ணா சாலையில பஸ்ல போறவங்களுக்கு அது பாட்டா ஷோரூம் கட்டடமா மட்டும் ஆகிப் போச்சு.